காதில் விழுவதும் காது கொடுப்பதும்

கேள்வி: காலையில் பல் தேய்ப்பதில் தொடங்கி இரவு கண் அயரும்வரை என் காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அது இல்லாவிட்டால் வேலையில் மனம் ஒட்டுவதில்லை. "பக்கத்தில் இருந்தும் இல்லாத மாதிரி இருக்கிறீர்கள்" என்று மனைவி குறைபடுகிறார். இசை கேட்டால் கவனம் கூடும் என்று விஞ்ஞானமே சொல்கிறதே, அது பொய்யா?
(வாசகர் ஒருவர்)

பதில்: நீங்கள் நினைக்கிற அளவுக்கு விஞ்ஞானம் சொல்லவில்லை. உங்கள் மனதில் இருப்பது அநேகமாக 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்த மொசார்ட் ஆய்வாக இருக்கும். 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மொசார்ட்டின் பியானோ இசையைக் கேட்டார்கள். கேட்டு முடித்த பிறகு, மடித்து வெட்டிய காகிதத்தைப் பிரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற கேள்விகளுக்கு விடை எழுதினார்கள். மதிப்பெண் கொஞ்சம் கூடியது. அந்தப் பலன் கால் மணி நேரத்துக்குள் கரைந்துவிட்டது. பிறகு செய்து பார்த்த பலருக்கு அதுவும் கிட்டவில்லை. எப்படியானாலும், அந்த மாணவர்கள் இசை ஓடும்போது எழுதவில்லை. முதலில் கேட்டார்கள், அப்புறம்தான் எழுதினார்கள். நீங்கள் செய்வது வேறு.

படிக்கிறபோதும் எழுதுகிறபோதும் மனம் சொற்களை உள்ளுக்குள் உச்சரித்துக்கொண்டே போகிறது. பாட்டின் சொல்லும் அதே வாசலில் வந்து முட்டும். மொழி தெரியாத பாட்டுதான் போடுகிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது. 1976-ல் வெளியான ஓர் ஆய்வில், எழுத்துகளைப் பார்த்து வரிசை மாறாமல் நினைவில் வைக்கச் சொன்னார்கள். பக்கத்தில் ஜெர்மன் மொழியில் ஒரு குரல் வாசித்துக்கொண்டிருந்தது. அந்த மொழி தெரியாதவர்களுக்கும் வரிசை குழம்பியது.

எனக்கு இது ஆய்வைப் படித்துத் தெரிந்ததல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பு, பாட்டுக் கேட்டபடியே ஒரு கட்டுரைக்கு மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். 'கரை' என்று இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து விட்டுப்போயிருந்தது. ஓரத்தில் திருத்தம் போட்டேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால், என் கையெழுத்தில் 'கடல்' என்று இருக்கிறது. கட்டுரையில் எங்குமே இல்லாத சொல் அது. பாட்டின் பல்லவியில் இருந்த சொல். அன்றிலிருந்து மெய்ப்பு பார்க்கிற மேசையில் பாட்டு வைப்பதில்லை. அது அந்த எழுத்தாளருக்குச் செய்கிற மரியாதை, பாட்டுக்கும்தான்.

பாட்டுக்கு என்ன மரியாதை என்று கேட்பீர்கள். தமிழில் ஓசை காதில் விழும், பேச்சைக் காதில் வாங்குவோம், மனம் வைத்துக் கேட்கிறபோது மட்டும் காது கொடுப்போம். உங்கள் பாட்டு நாள் முழுக்கக் காதில் விழுகிறது, அவ்வளவுதான். கடந்த ஒரு மணி நேரத்தில் எந்தெந்தப் பாட்டு ஓடியது என்று இப்போது சொல்ல முடியுமா? முடிந்தால் வேலை அரைகுறையாக நடந்திருக்கிறது. முடியாவிட்டால், யாரோ உயிரைக் கொடுத்துப் பாடியதை நீங்கள் சுவருக்கு வெள்ளையடிக்கப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

கை மட்டும் செய்கிற வேலைக்கு இசை நல்ல துணைதான். துணி மடிக்கும்போதும், பாத்திரம் கழுவும்போதும், ஒரே மாதிரி எண்களைப் பதியும்போதும் தாராளமாகக் கேளுங்கள். 1940-ல் பிபிசி தொழிற்சாலைகளுக்காகவே ஒரு வானொலி இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. எந்திரத்தின் முன் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கே அவர்கள் ஒதுக்கியது ஒரு நாளைக்கு இரண்டு அரைமணி நேரம்தான்.

மௌனத்துக்கு வருகிறேன். பாட்டை நிறுத்தியதும் ஒரு பதற்றம் வருகிறதே, அதை வைத்துத்தான் மனம் ஒட்டவில்லை என்கிறீர்கள். ஒரு பத்து நிமிடம் பொறுங்கள். முதலில் மின்விசிறி கேட்கும், அப்புறம் உங்கள் மூச்சு, அப்புறம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஏதோ ஒரு கவலை. பலர் அந்த இடத்தில்தான் மறுபடி பாட்டைத் தட்டுகிறார்கள். அதைத் தாண்டுங்கள், வேலை தானாக முன்னால் வந்து நிற்கும். 2006-ல் இதய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், இசைத் துண்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிட இடைவெளி விட்டிருந்தார்கள். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்த இடைவெளியில், இசை தொடங்கும் முன்பு இருந்ததைவிடக் கீழே இறங்கின. காது கொடுத்துக் கேட்ட ஒரு பாட்டுக்குப் பின்னால் வருகிற மௌனத்துக்குத் தனிக் கனம் உண்டு. அடுத்த பாட்டு தானாக ஓடும்படி வைத்திருக்கிறீர்களே, முதலில் அதை அணையுங்கள்.

உங்கள் மனைவி சொன்னது இந்தக் கேள்வியிலேயே பெரிய விஷயம். அதை நடுவில் ஒரு வரியாகச் செருகியிருக்கிறீர்கள். அவர் கூப்பிடும்போது ஒரு பக்கத்து இயர்போனை மட்டும் கழற்றி "என்ன?" என்கிறீர்கள் அல்லவா? அப்போது இன்னொரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருப்பது அவருக்கும் தெரியும். இன்று இரவு இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டு உட்காருங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு ஒன்றை, இருவருக்கும் கேட்கும்படி, ஒரே ஒரு முறை வையுங்கள். முடிந்ததும் அடுத்ததைத் தேடாதீர்கள். அவர் என்ன பேசினார் என்று எனக்கு எழுத வேண்டாம். நீங்கள் காது கொடுத்தால் போதும்.