எப்பிரஸ் பாடலும் ஆம்பியன்ட் இசையும் – ஒரு கடிதம்

வணக்கம். வடமேற்கு கிரீஸின் எப்பிரஸ் பகுதிப் பல்குரல் பாடல்களைக் கேட்ட பாதிப்பில் ஓர் ஆம்பியன்ட் (சூழலாகப் பரவி ஒலிக்கும்) இசைத்துண்டு செய்கிறேன். நண்பர்கள் நால்வரின் குரலைப் பதிவு செய்தேன். அடியில் சிந்தசைசர் பேட் (நீண்டு ஒலிக்கும் மென்மையான பின்னணி ஒலி), மேலே பத்து விநாடி ரிவெர்ப் (பெரிய கூடத்தில்போல ஒலி தேய்ந்து அடங்கும் விளைவு). இனிமையாக வந்திருக்கிறது, ஆனால் எப்பிரஸ் அதில் இல்லை. எதை மாற்றவேண்டும்?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பேடை எடுத்துவிடுங்கள். அந்தப் பாடல்களில் ஏ ஆதார ஸ்ருதி என்றால் ஸ்வரங்கள் ஏ, சி, டி, இ, ஜி; நம் சுத்த தன்யாசியின் ஐந்து ஸ்வரங்களேதான், கமகம் மட்டும் வேறு. இதே ஐந்தும் சி மேஜருக்கும் பொருந்தும். பேடின் அடியில், பேஸில், ஒரு சி ஒலித்தாலே காது ஆதாரத்தை அங்கே மாற்றிக்கொள்ளும், ஒப்பாரி தாலாட்டாகிவிடும். இவற்றில் பல மிரோலோய், அதாவது இறந்தவருக்கான புலம்பல். அந்த இனிமை அங்கே பொருந்தாது.

பாடும் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. பார்ட்டிஸ் என்பவர் பாடலை எடுத்துக்கொடுப்பார். யிரிஸ்டிஸ் என்பவர் அவருக்குப் பதில் தருவார். க்ளோஸ்டிஸ் என்பவரும் இருந்தால் கள்ளக்குரலில், தக்கிளியில் நூல் திரிப்பதுபோல, ஆதாரத்துக்கும் அதன் கீழ் ஸ்வரத்துக்கும் மாறிமாறித் தாவுவார். மற்றவர்கள் ‘இசோ’, ஆதாரத்தை விடாமல் பிடிப்பவர்கள். இசோ 220 ஹெர்ட்ஸில் நிற்கும்போது மேலே ஒருவர் 196-ல் ஜி பாடினால், 24 ஹெர்ட்ஸ் வித்தியாசம் சொரசொரவென்று அதிரும். பிறகு அவர் ஏ-க்கு ஏறிச் சேரும்போது அந்த அதிர்வு அடங்கும். பாடலின் உயிர் இந்த உரசலிலும் அடங்கலிலும்தான் இருக்கிறது. பத்து விநாடி ரிவெர்பில் ஜி-யின் வால் ஏ-யின் மேலும் படிந்துகிடக்கும். உரசல் ஓயாது, எனவே அடங்கலும் கேட்காது.

ரிவெர்பைப் பிரித்துக் கொடுங்கள். இசோவுக்கு 6 முதல் 8 விநாடி தாங்கும். பாடும் குரலுக்கு 1.5 விநாடி, 50 மில்லிவிநாடி ப்ரீ-டிலே (ரிவெர்ப் தொடங்குமுன் விடும் இடைவெளி) போதும்.

இசோவை மனிதக் குரலிலேயே செய்யுங்கள். ‘எ’ என்ற உயிரொலியை ஒவ்வொருவரும் தனித்தனியாக மூச்சுவிட்டுப் பாடட்டும். மூச்சு வாங்கும் இடங்களை வெட்டி எறியாதீர்கள். குரல்களின் லூப்களை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டுகளை) 13, 17, 19 விநாடிகளாக வைத்தால் மூன்றும் ஒரே இடத்தில் மறுபடி சேர 4199 விநாடி, ஏறக்குறைய 70 நிமிடம், ஆகும். எல்லாம் 16 விநாடி என்றால் எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்குவார்கள்; இயந்திரம் என்று உடனே தெரிந்துவிடும். லூப் சேரும் இடத்தில் 2 விநாடி ஈக்வல்-பவர் கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றது எழும்போது மொத்த ஒலி குறையாத கலப்பு) போடுங்கள். நேர்கோட்டில் ஏறி இறங்கும் லீனியர் போட்டால் நடுவில் சுமார் 3 டெசிபெல் பள்ளம் விழும்.

ஸ்ருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோடியூன் வேண்டாம். குரல்களுக்கிடையே 5 சென்ட் (ஓர் அரை ஸ்வரத்தின் நூறில் ஐந்து பங்கு) விலகல் இருந்தால் 220-ல் ஒன்றரை விநாடிக்கொரு மெல்லிய அலை வரும்; அது நல்லது. பாடுபவர் பாடப்பாட ஆதாரத்திலிருந்து நகர்ந்திருந்தால், அவரைத் திருத்தாமல் இசோ ட்ராக்கை அவருடன் மெல்ல நகர்த்துங்கள்.

ஒலியைப் பல மடங்கு நீட்டும் பால்ஸ்ட்ரெட்ச் மென்பொருளில் இழுப்பதாக இருந்தால் இசோவை மட்டும் இழுங்கள். அது ஃபேஸை (ஒலியலைகளின் ஒத்திசைவை) கலைத்துவிடும், ஸ்வரத் தொடக்கங்கள் மங்கிப்போகும். குரல் மேலிருந்து வழுக்கி இறங்கும் இடம் மூன்றில் ஒரு விநாடிகூட இருக்காது. எட்டு மடங்கு இழுத்தால் அது இறக்கமாகவே கேட்காது. அந்த இடங்களை வெட்டி, இழுக்காமல், ரிவெர்ப் இல்லாமல், இசோவுக்கு மேல் வையுங்கள்.