கலை நிறுவனங்களுக்கு அரசு உத்தரவாதக் கடன்: கேள்வி பதில்

பெருந்தொற்றில் மூடிக் கிடந்த அரங்குகளும் குழுக்களும் மறுபடி எழுந்து நிற்க, பல நாட்டு அரசுகள் கடன் திட்டங்களைக் கொண்டுவந்தன. அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

நாடகக் குழு நடத்துபவர்: அரசே உத்தரவாதம் தந்திருக்கிறது. நாடகம் ஓடாவிட்டால் அரசு கட்டிவிடும்தானே?

கட்டும், வங்கிக்கு. உங்களுக்காக அல்ல. வங்கியின் நஷ்டத்தை அரசு ஈடுசெய்த பிறகும் உங்கள் பெயரில் கடன் அப்படியே நிற்கும். வசூல் நடவடிக்கையும் தொடரும். பெருந்தொற்றில் சிறு தொழில்களுக்காகப் பிரிட்டன் கொண்டுவந்த பவுன்ஸ் பேக் கடனுக்கு அரசின் உத்தரவாதம் 100 சதவீதம். அடைக்க வேண்டிய பொறுப்பும் கடன் வாங்கியவருக்கு 100 சதவீதம்தான். பிறகு உத்தரவாதத்தால் என்ன லாபம் என்றால், பிணையம் வைக்கச் சொத்தில்லாதவரையும் வங்கி உட்கார வைத்துப் பேசும். அவ்வளவுதான்.

ஒலி-ஒளிக் கருவிகளை வாடகைக்கு விடுபவர் (இந்தியா): கைக்காசில் தொழில் செய்தேன், வங்கிக் கடனே வாங்கியதில்லை. அதைக் காரணம் காட்டியே, பெருந்தொற்றுக்காக அரசு கொண்டுவந்த அவசரகாலக் கடனை மறுத்தார்கள். நியாயமா?

நியாயமில்லை, ஆனால் விதி அப்படி. 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை புதுக் கடன் என்றுதான் அந்தத் திட்டம் தொடங்கியது. 2021இல் விருந்தோம்பல், சுற்றுலா, பொழுதுபோக்கு, விளையாட்டுத் துறைகளுக்கு அதை 40 சதவீதமாக உயர்த்தினார்கள். பூஜ்யத்தில் 40 சதவீதமும் பூஜ்யம்தானே! கடன் வாங்காமல் ஒழுங்காக இருந்தவரைத் தண்டித்த விதி இது என்பதே என் எண்ணம். 2023 மார்ச்சுடன் அந்தத் திட்டம் முடிந்தது. இனி, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை எடுத்துக்கொண்டு, குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளையின் கீழ் பிணையமில்லாக் கடன் கேளுங்கள். அதற்குப் பழைய கடன் தேவையில்லை.

நடனப் பள்ளி நடத்துபவர்: "முதல் ஆண்டு தவணை இல்லை" என்றார்கள். மாதாமாதம் பணம் பிடிக்கிறார்களே?

சலுகை அசலுக்கு மட்டும், பிடிப்பது வட்டி. 10 லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு, ஓராண்டுச் சலுகையோடு நான்கு ஆண்டுக்கு வாங்கினால், முதல் ஆண்டில் மாதம் 7,500. பதின்மூன்றாம் மாதத்திலிருந்து ஏறத்தாழ 31,800. தொகை ஒரே நாளில் நான்கு மடங்குக்கு மேல் தாவுகிறது. மாணவர் சேர்க்கை பழைய நிலைக்கு வந்திருக்குமா என்பதை அந்தப் பதின்மூன்றாம் மாதத்தை வைத்துக் கணக்கிட வேண்டும், முதல் மாதத்தை வைத்து அல்ல.

இசை விழா அமைப்பாளர்: மானியமா, கடனா?

மானியம் கிடைக்க வழி இருந்தால் கடன் பேச்சையே எடுக்காதீர்கள். போன டிக்கெட் வசூல் போனதுதான், எந்த நிகழ்ச்சியும் அதைத் திரும்பச் சம்பாதித்துத் தராது. அந்தப் பள்ளத்தைக் கடனால் நிரப்பினால் வட்டியும் சேர்ந்து கையைக் கடிக்கும். அமெரிக்கா இதைப் புரிந்துகொண்டு, மூடிய அரங்குகளுக்கு 2019 வருவாயில் 45 சதவீதம் வரை, உச்சவரம்பாக 1 கோடி டாலர், மானியமாகவே கொடுத்தது. பிரிட்டன் 2020இல் கலைத் துறைக்கு அறிவித்த 157 கோடி பவுண்டில் 27 கோடி மட்டுமே திருப்பிக் கட்ட வேண்டிய நிதி. அதற்கும் 2 சதவீத வட்டி, 20 ஆண்டு வரை தவணை. ராயல் ஆல்பர்ட் ஹால் போன்ற பெரிய இடங்களுக்குப் போன பணம் அது. சாதாரணக் குழுவுக்கு அந்த வட்டியில் எந்த வங்கியும் தராது.

அரங்க உரிமையாளர்: விண்ணப்பத்தில் வங்கி எதைப் பார்க்கும்?

விருதுகளையும் பத்திரிகை விமர்சனங்களையும் கோப்பில் சேர்க்காதீர்கள், யாரும் படிப்பதில்லை. மாதவாரியான வரவு செலவுத் தாள் ஒன்று போதும். ஒத்திகைச் சம்பளம், முன்பணம், விளம்பரம் எல்லாம் முதலில் போகும். வசூல் கடைசியில்தான் வரும். இடைப்பட்ட அந்த மாதங்களில் கையிருப்பு எவ்வளவு குறைகிறதோ, அதுதான் நீங்கள் கேட்க வேண்டிய தொகை. இருக்கைகளில் பாதிதான் நிறையும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போதும் தவணை கட்ட முடிந்தால் வங்கி அதிகாரிக்கு மறுக்கக் காரணம் இருக்காது.

கையெழுத்துப் போடும் முன்?

தனிநபர் ஜாமீன் பத்தியைத் தேடிப் படியுங்கள். அமெரிக்கா பெருந்தொற்றுக்காகக் கொடுத்த பேரிடர்க் கடனில் 2 லட்சம் டாலரைத் தாண்டினாலே உரிமையாளர்கள் சொந்தப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

பொம்மலாட்டக் குழு (பிரிட்டன்): பவுன்ஸ் பேக் கடன் தவணை கட்ட முடியவில்லை.

தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள். ஆறு ஆண்டுக் கடனைப் பத்து ஆண்டாக நீட்டிக்கலாம். ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டும் வசதியை மூன்று முறை வரை எடுக்கலாம். ஒருமுறை ஆறு மாதம் முழுதாக நிறுத்தியும் வைக்கலாம். எல்லாவற்றிலும் மொத்த வட்டி கூடும். வட்டி மட்டும் கட்டினால் அந்தக் கூடுதல் குறைவு என்பதால், முதலில் வட்டி மட்டும் கட்டும் வசதியைக் கேட்டுப் பாருங்கள்.