செஸ்டர்ஃபீல்டு ஆலயக் கோபுரம் ஏன் முறுக்கிக்கொண்டு நிற்கிறது?

இங்கிலாந்தின் டார்பிஷயரிலுள்ள இந்தப் பங்கு ஆலயத்தின் கூர்கோபுரம் கட்டும்போதே முறுக்கி அமைக்கப்பட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, 14ஆம் நூற்றாண்டில் நேராக எழுப்பப்பட்ட கோபுரம் பின்னரே திருகியது. 228 அடி உயரமுள்ள அதன் உச்சி இன்று நடுக்கோட்டிலிருந்து ஒன்பதடிக்கு மேல் விலகி நிற்கிறது.

ஈரம் உலராத மரமே காரணம் எனப் பலரும் சொல்வர். ஆனால் அக்காலத் தச்சர்கள் பச்சை ஓக் மரத்தில் வேலை செய்வது வழக்கந்தான். உள்ளே போதிய குறுக்குச் சட்டங்கள் இல்லாத அந்த மரக்கூட்டின்மேல் பிற்காலத்தில் சுமார் 33 டன் ஈயத் தகடு ஏறியதையும், வெயில் படும் தெற்குப் பக்கத் தகடு கூடுதலாக விரிவதையும் சேர்த்துப் பார்ப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. தகடுகளை மீன்முள் வரிசையில் சாய்த்துப் பதித்திருப்பதால், கீழிருந்து பார்ப்பவருக்கு முறுக்கு உள்ளதைவிடக் கூடுதலாகவே தெரியும்.