வாசகர் கேள்வி–பதில்: அடியில் ஒழுகினால் மேலே பாருங்கள்

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறேன். இருபது ஆண்டு சிகரெட் பழக்கத்தை விட்டு, தீர்ந்ததும் தூக்கி எறியும் மின் சிகரெட்டுக்கு மாறியிருந்தேன். 2025 ஜூன் 1 முதல் இங்கே அவற்றின் விற்பனைக்குத் தடை வந்ததால், திரவம் நிரப்பிக்கொள்ளும் டேங்க் வகையை வாங்கினேன். இரவு மேசையில் நிறுத்திவைத்தால், காலையில் அதன் அடியில் பிசுபிசுவென்று ஒரு வட்டம். இழுக்கும்போது களகளவென்று சத்தம். சில நேரம் திரவமே நாக்கில் படுகிறது. ரப்பர் வளையங்கள் அனைத்தையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். டேங்கே பழுதா?

பதில்: பெரும்பாலும் இராது. முன்பெல்லாம் எண்ணெய் டின்னைத் திறக்கும்போது இரண்டு துளை போடுவார்கள். ஒன்று மட்டும் போட்டால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும். காற்று உள்ளே போக இன்னொரு துளை இருந்தால்தான் தாராளமாக ஊற்றும். உங்கள் டேங்க் திரவத்தைப் பிடித்து வைத்திருப்பதும் இந்தக் கணக்கில்தான். நடுவிலுள்ள காயிலின் (சூடேறித் திரவத்தை ஆவியாக்கும் கம்பிச்சுருள், பஞ்சு சுற்றியது) பக்கத் துளைகள் வழியாகத் திரவம் பஞ்சில் ஊறுகிறது, அகல் விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல. திரவம் குறையக் குறைய, அதற்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைகிறது. அந்தச் சிறு இழுப்பும் பஞ்சின் பிடிப்பும் சேர்ந்துதான் திரவத்தை நிறுத்தி வைக்கின்றன. மேல்மூடி சரியாக உட்காராமலோ கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்தோ மேலே காற்று நுழைந்துவிட்டால், பஞ்சு தாங்காமல் திரவம் காயிலுக்குள் வெள்ளமாக இறங்கி, கீழே காற்றுக்கென்று விடப்பட்ட துளைகள் வழியாக ஒழுகிவிடும். ஒழுகும் இடம் கீழே இருந்தாலும் கோளாறு மேலே இருப்பது இதனால்தான்.

முதலில் டேங்கை நன்றாகத் துடைத்துவிட்டு, அடிப்பகுதியைச் சுற்றி ஒரு டிஷ்யூ தாளைக் கட்டி ஒரு மணி நேரம் நிறுத்திவையுங்கள். கண்ணாடி உட்காரும் விளிம்பில் தாள் நனைந்தால் வளையத்தையோ கண்ணாடியையோ சந்தேகப்படலாம். காற்றுத் துளைக்கு நேராக மட்டும் நனைந்தால், மேல்மூடியையும் காயிலையும் பாருங்கள். காயில் மரை மாறி ஏறியிருந்தால் கைக்கு இறுகினதுபோல்தான் தெரியும். கழற்றி, எதிர்ப்பக்கம் அரைச்சுற்று திருப்பி, மரை பொருந்துவது விரலுக்குத் தெரிந்த பிறகு முடுக்குங்கள்.

புதிதாக மாறியவர்கள் தவறுவது நிரப்பும்போதுதான் என்பது என் எண்ணம். மூடியைத் திறந்த கணமே உள்ளிருந்த இழுப்பு போய்விடும். ஆகவே காற்று வளையத்தை, அதாவது காற்றுத் துளைகளைத் திறந்து மூடும் வளையத்தை, முழுதாக அடைத்துவிட்டு, நடுக்குழாய்க்குள் ஒரு சொட்டும் விழாமல் ஓரமாக ஊற்றி, விளிம்பு வரை நிரப்பாமல் ஒரு சிறு காற்றுக்குமிழிக்கு இடம் விட்டு மூடுங்கள். பிறகு டேங்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காற்று வளையத்தைத் திறந்து, நிமிர்த்தி வையுங்கள். களகளச் சத்தம் ஏற்கெனவே இருந்தால், டேங்கை மட்டும் கழற்றி, அடியில் டிஷ்யூவை வைத்து, வாய்ப்பக்கமாக ஊதினால் தேங்கியது வெளியே வந்துவிடும். பேட்டரியின் இணைப்பு முனையையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

திரவத்தின் பதத்தையும் பாருங்கள். பிஜியும் (நீர்த்த புரொப்பிலீன் கிளைக்கால்) விஜியும் (கெட்டியான தாவரக் கிளிசரின்) பாதிக்குப் பாதி கலந்த திரவம் நீர்க்க இருக்கும். அது மின்தடை 1 ஓமுக்கு மேற்பட்ட, சிறு துளையுள்ள காயிலுக்கு ஏற்றது. அதையே அகலத் துளையுள்ள குறைந்த ஓம் காயிலில் ஊற்றினால் பஞ்சு தாங்காது. அதற்கு 70 விழுக்காடு விஜி உள்ள கெட்டித் திரவம் வேண்டும். காயிலின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அளவுக்குக் கீழே வைத்து இழுத்தாலும் திரவம் ஆவியாகாமல் தேங்கும். காயிலைக் கழற்றும்போது அடியில் தெரியும் இரண்டொரு துளி, ஆவி குளிர்ந்த ஈரம். அதற்குக் கவலை வேண்டாம்.

கேள்வி: ஸ்பெயினுக்கு விமானத்தில் போனபோது என் கணவரின் டேங்க் கைப்பைக்குள் முழுவதுமாக ஒழுகிவிட்டது. ஜனவரியில் சென்னைக்கு வருகிறோம். எப்படிப் பாதுகாப்பாகக் கொண்டுவருவது? (பர்மிங்ஹாம் வாசகி)

பதில்: பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் குறைகிறது. டேங்கில் அடைபட்ட காற்று விரிந்து திரவத்தைக் கீழே தள்ளிவிடுகிறது; காலி செய்துவிட்டு ஏறினால் இந்தத் தொல்லை இல்லை. லித்தியம் பேட்டரி உள்ளதால் சாதனம் சரக்குப் பெட்டியில் போகவும் கூடாது. ஆனால் சென்னைப் பயணத்துக்கு இந்த யோசனை எதுவும் உதவாது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்துள்ளது. முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒழுகிய திரவம் கையில் பட்டால் ஆபத்தா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. (ஹாரோ வாசகர்)

பதில்: நிகோடின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிரிட்டனில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை நிகோடின் அனுமதிக்கப்படுவதால், 10 மில்லி புட்டி ஒன்றில் 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். பழ வாசனை வேறு வீசும். மேசையில் ஒழுகிய வட்டத்தையும் துடைத்த டிஷ்யூவையும் குழந்தைக்கு எட்டவிடாதீர்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவ ஆலோசனை எண்ணான 111ஐ அழையுங்கள்; வாந்தி, தள்ளாட்டம், மயக்கம் தெரிந்தால் அவசர உதவி எண்ணான 999ஐ அழையுங்கள்.