பொங்கலுக்கு வீட்டிலேயே வாழ்த்து மட்டை செய்ய ஆசை, ஆனால் எனக்குச் சித்திரம் வராது. எதில் தொடங்குவது?

வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கு அனுப்பப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம், கட்டாயம் செய்யுங்கள். சித்திரம் வராவிட்டால் பரவாயில்லை. மடிப்பு நேராக விழவேண்டும், உள்ளே எழுத உங்களிடம் ஏதாவது சேதி இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் மட்டையைக் கடையில் வாங்கும் பழக்கமே இல்லை, செய்து செய்து கண்டதைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திப் பக்கம் எந்தக் கொப்பிக் கடையில் கேட்டாலும் பிரிஸ்டல் போர்ட் என்ற தடித்த தாள் தருவார்கள். வெள்ளை அல்லது இளமஞ்சள் எடுங்கள், கடும் நிறத்தில் பேனை எழுத்து தெரியாது. ஏ4 அளவுக்கு வெட்டி, அதை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மடித்தால் கைக்கு அடக்கமான மட்டை வரும்.

மடிக்கிற இடத்தில்தான் பலருக்குப் பிழைக்கிறது. மரத்துக்கு இருப்பதுபோலத் தாளுக்கும் நார் ஓடுகிற திசை உண்டு. வெட்டுவதற்கு முன் தாளை நெடுக்காகவும் குறுக்காகவும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இலகுவாக வளையும், மற்றப் பக்கம் முரண்டு பிடிக்கும். இலகுவாக வளைகிற திசையிலேயே மடிப்பு வரும்படி வெட்டுங்கள், எதிர்த்திசையில் மடித்தால் மடிப்போரம் வெடித்துப் பிசிராகத் தெரியும். அப்புறம் அடிமட்டத்தை வைத்து, மை முடிந்த பேனையால் மடிப்புக் கோட்டை அழுத்திக் கீறுங்கள். பள்ளம் விழுந்த பக்கம் வெளியே வரும்படி மடித்தால் கடை மட்டை மாதிரியே நறுக்கென்று நிற்கும்.

முன்பக்கத்தில் பூ அச்சுப் பதிக்க வெண்டிக்காய் போதும். கொஞ்சம் முற்றின காயாகப் பாருங்கள், பிஞ்சு அழுத்தினால் நசுங்கிவிடும். குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தைப் பழந்துணியில் ஒற்றி ஒற்றி வழுவழுப்பை எடுங்கள். அந்தப் பசை இருந்தால் நிறம் பிடிக்காது. போஸ்டர் கலரைத் தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாகக் குழைத்து, தூரிகையால் வெட்டுமுகத்தில் மெல்லப் பூசி, நேரே வைத்து நேரே எடுங்கள், திருகவேண்டாம். முதல் அச்சு பெரும்பாலும் சொதசொதவென்று விழும், அதைக் கழிவுத் தாளில் போட்டுவிடுங்கள். இரண்டாவதில்தான் இதழும் நடுவில் விதைக் குழிகளும் துலக்கமாக வரும். சிவப்பில் நாலைந்து பூ, பச்சையில் காம்புக்கு ஒரு கோடு. அதற்கு மேல் ஒன்றும் ஒட்டவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மினுக்கம், ரிப்பன், குஞ்சம் எல்லாம் சேர்ந்தால் கண் எதிலும் நிற்காது.

பனையோலை வைக்க விருப்பமென்றால், காய்ந்த சார்வோலையை ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பதமாக்கி, மெல்லிய கீற்றாக வார்ந்து, பாய் மாதிரிப் பின்னி ஒரு சின்னச் சதுரமாக ஒட்டலாம். ஒட்டுமுன் நன்றாகக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அவுஸ்திரேலியாவுக்குப் போகிற மட்டையில் மட்டும் ஓலை வேண்டாம். அங்கே தாவரப் பொருட்களுக்குக் கடும் கட்டுப்பாடு, தபாலிலேயே மறித்துவிடக்கூடும்.

தைக்குப் போய்ச் சேரவேண்டுமென்றால் கார்த்திகையிலேயே வேலை தொடங்கவேண்டும். அது மாரி காலம், தாள் ஈரத்தை இழுத்துச் சுருளும். நிறம் காய்ந்ததும் இரண்டு தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஓரிரவு அடுக்கிவையுங்கள். தண்ணீர்ப் பசை தாளை நெளிய வைக்கும், அதனால் குச்சிப் பசை நல்லது.

இனி உள்பக்கம். "இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" என்ற ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள். ரொறன்ரோவில் இருக்கும் மாமிக்கு வாழ்த்து வட்ஸ்அப்பில் நூறு வரும். கிணறு இந்த முறை எந்தக் கட்டுவரைக்கும் நிரம்பியது, காற்றுக்கு எந்த முருங்கை முறிந்தது, ஒழுங்கையில் யார் வீட்டில் கல்யாணம் என்பதை நீங்கள் எழுதினால்தான் அவவுக்குத் தெரியும். கையெழுத்து வடிவில்லை என்று பயப்படவேண்டாம், அவ உங்கள் கையெழுத்தைத்தான் தேடுவா. ஒவ்வொருவருக்கும் வேறு சேதி எழுதுங்கள், ஒரே வசனத்தைப் பத்து மட்டையில் பார்த்தெழுதினால் அவர்கள் ஒருவரோடொருவர் பேசும்போது தெரிந்துவிடும்.

உறையும் வீட்டிலேயே செய்யலாம். ஏ4 தாளை 21 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டி, மூலை மேலே வரும்படி திருப்பிவைத்து, நடுவில் மட்டையைக் கிடையாக வையுங்கள். இடம் வலம் மூலைகளை மடித்தால் இரண்டும் நடுவில் வந்து தொடும். கீழ் மூலையை மேலே மடித்து ஒட்டி, மேல் மூலையை மூடியாக விடுங்கள். மட்டை இறுகாமல் போய்வர ஒரு நூல் அளவு இளக்கம் விட்டு மடியுங்கள். விலாசத்தை ஜெல் பேனையால் எழுதாதீர்கள், மழைத்துளி பட்டால் கரையும். சாதாரண குமிழ்முனைப் பேனைதான் நல்லது. ஓலை ஒட்டின மட்டை பாரமாக இருக்கும், தபாற்கந்தோரில் நிறுத்துப் பார்த்த பிறகு முத்திரை ஒட்டுங்கள்.