இடிப்பதா, திருத்துவதா? பாடசாலைக் கட்டடங்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஆரம்பப் பாடசாலையில் ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, மேல்மாடியற்ற வகுப்பறைத் தொகுதி ஒன்று உள்ளது. அதை இடித்துவிட்டுச் சூழலுக்கு உகந்த புதிய கட்டடம் ஒன்றை எழுப்ப வேண்டும் என்று பழைய மாணவர் சங்கத்தில் பலர் கூறுகின்றனர். தங்கள் கருத்து என்ன?
– சங்க உறுப்பினர், கொட்டாஞ்சேனை

பதில்: அத்திவாரமும் சுவர்களும் உறுதியாக இருந்தால் இடிக்க வேண்டாம். உலகில் மனிதச் செயற்பாடுகளால் வெளியேறும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 வீதம் சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகிறது. சூளையில் எரியும் எரிபொருள் ஒருபுறமிருக்க, சுண்ணாம்புக் கல்லும் சுடப்படும்போது அந்த வாயுவை வெளியிடுகிறது. உங்கள் பழைய சுவர்களுக்கான அந்தச் செலவைப் பூமி எப்போதோ செலுத்திவிட்டது. அவற்றை உடைத்து, இடிபாடுகளை லொறியில் ஏற்றி எங்கோ ஒரு தாழ்நிலத்தில் கொட்டிவிட்டு, அதே அளவு சீமெந்தையும் செங்கல்லையும் மீண்டும் வாங்கிக் கட்டும் கட்டடம் எத்தனை சிக்கனமான விளக்குகளைப் பொருத்தினாலும் பல ஆண்டுகளுக்குக் கடனாளியாகவே நிற்கும்.

முடிவெடுக்கும் முன் ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரை அழைத்துக் காட்டுங்கள். கடற்கரைக்கு அண்மையிலுள்ள பாடசாலைகளில் உப்புக் காற்றினால் கொங்கிறீற்றினுள் இருக்கும் கம்பி துருப்பிடித்து, தூண்களில் நீளவாக்கில் வெடிப்பு விழுந்திருக்கும். கைமரங்களும் வளைகளும் சுவரில் அமரும் முனைகளைக் கறையான் அரித்திருக்கிறதா என்று ஓர் ஆணியால் குத்திப் பார்த்தாலே ஓரளவு புரிந்துவிடும். பழுதான கைமரத்தை மட்டும் மாற்றுவது நல்ல தச்சருக்கு அரிய வேலையன்று.

உங்கள் தொகுதியில் உயர்ந்த கூரை, தடித்த சுவர், அரைச்சுவர், அகன்ற விறாந்தை ஆகியவை இருக்கும் என்று நினைக்கிறேன். அக்காலப் பாடசாலைகள் பலவும் அவ்வாறே கட்டப்பட்டன. கண்டியில் பிறந்த மினெட் டி சில்வாவும் கொழும்பில் பணியாற்றிய ஜெஃப்ரி பாவாவும் சுதந்திரத்துக்குப் பின்வந்த காலத்தில் இந்த நாட்டின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றதென்று வளர்த்தெடுத்த கட்டடக்கலை, நிழலையும் காற்றையும் மையமாகக் கொண்டது. அத்தகைய கூறுகள் ஏற்கெனவே உள்ள ஒரு கட்டடத்தை இடித்துவிட்டுக் கண்ணாடி முகப்போடு ஒரு பெட்டியைக் கட்டி, அதற்குப் ‘பசுமை’ என்று பெயரிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: ஐயா, நான் மூன்றாம் தரத்துக்குக் கற்பிக்கிறேன். எங்கள் வகுப்பறைக்கு அஸ்பெஸ்டஸ் கூரை. பதினொரு மணியாகும்போது பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள். நன்கொடையாளர் ஒருவர் குளிரூட்டி பொருத்தித் தர முன்வந்துள்ளார். ஏற்றுக்கொள்ளலாமா?
– ஆசிரியை, தெமட்டகொடை

பதில்: அந்த அன்பரிடம், அதே பணத்தைக் கூரைக்கும் யன்னல்களுக்கும் தருமாறு கேட்டுப் பாருங்கள், ஆசிரியை அவர்களே. பிள்ளைகளைச் சோர்வடையச் செய்வது காற்றின் சூடு மட்டுமன்று. வெயிலில் காய்ந்த கூரைத்தகடு கீழ்நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசுகிறது. அது நேரே பிள்ளைகளின் தலையில் இறங்குகிறது. அந்நிலையில் மின்விசிறியால் பெரிய பயனில்லை. குளிரூட்டி வேண்டுமானால் அரைச்சுவர்களுக்கு மேல் அடைத்து, யன்னல்களை மூடி, அறையை இறுக்க வேண்டும். முப்பத்தைந்து பிள்ளைகள் மூடிய அறையில் மூச்சுவிட்டால் காற்று விரைவில் கனத்துவிடும். வெளிச்சம் குறைவதால் பகலிலும் விளக்கு எரியும். அந்த அளவு அறைக்கு ஏற்ற 24,000 பீ.ரீ.யூ. குளிரூட்டி ஒன்று ஏறத்தாழ 2 கிலோவாட் மின்சாரத்தை இழுக்கும். சாதாரண மின்விசிறிக்கு 70 வாட் அளவே தேவை. இயந்திரம் நன்கொடையாக வந்தாலும், மாதாந்த மின்கட்டணம் பாடசாலையின் தலையில்தான் விழும்.

கூரைக்கு வருவோம். உங்கள் தகடுகள் பழைய அஸ்பெஸ்டஸ் என்பதால் மிகுந்த கவனம் வேண்டும். அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. முழுதாக, உடையாமல் இருக்கும் தகடு பெரிதாக நார்களை உதிர்ப்பதில்லை. துளையிடும்போதும், அறுக்கும்போதும், பாசியை அகற்ற உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சும்போதும்தான் ஆபத்து எழுகிறது. எனவே தகடுகளை மாற்றும் வேலை விடுமுறையில், பிள்ளைகள் வளவில் இல்லாதபோது நடைபெற வேண்டும். தகட்டை நனைத்து, உடைக்காமல் ஆணிகளைக் கழற்றி, தடித்த பொலித்தீனில் சுற்றி அப்புறப்படுத்தப் பயிற்சி பெற்றவர்களையே அமர்த்துங்கள். உடைந்த துண்டுகளை விளையாட்டு மைதானத்தின் பள்ளத்தை நிரப்பப் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள்.

புதிய கூரைக்கு, அஸ்பெஸ்டஸ் கலவாத நெளிதகட்டின் மேல் சுட்ட மண் ஓடுகளைப் பரப்பும் முறையைப் பரிந்துரைப்பேன். பாவா தம் கட்டடங்களில் நெளிதகட்டின் மேல் பீலி ஓடு பரப்பும் முறையைப் பரவலாகக் கையாண்டார்: தகடு மழையைத் தடுக்க, ஓடு வெயிலைத் தாங்கிக்கொள்கிறது. ஓட்டின் பாரத்தைக் கைமரங்கள் தாங்குமா என்று பொறியியலாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவு பணமில்லையெனில், வெளிர் நிறத் தகடு போட்டு, அதன் கீழ் 25 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு அலுமினியத் தாளைப் பளபளப்பான பக்கம் கீழே பார்க்கும்படி விரியுங்கள். இடைவெளி இன்றித் தகட்டோடு ஒட்டிவிட்டால் அந்தத் தாள் பயனற்றது. முகட்டில் சூடான காற்று வெளியேற ஒரு வழியும் தேவை.

வெயில் எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதையும் பாருங்கள். வெளிநாட்டு நூல்களைப் பின்பற்றிப் பலரும் மேற்குச் சுவரைக் கண்டே அஞ்சுகின்றனர். ஆனால் நமது பாடசாலைகள் காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்கு முடிகின்றன, மேற்கு வெயில் சரியும் வேளையில் வகுப்பறை வெறுமையாக இருக்கும். ஆரம்பப் பாடசாலைக்கு இடைஞ்சல் தருவது கிழக்கு வெயில். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, தரையில் விழும் வெயில் கட்டத்தின் ஓரத்தைச் சோக்கினால் வரையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கொண்டே மீண்டும் வரையச் செய்யுங்கள். எந்த வரிசையில் இருக்கும் பிள்ளை கொப்பியைத் தூக்கி முகத்தை மறைக்கிறது என்று அந்தக் கோடுகள் காட்டிவிடும். அந்த யன்னல்களுக்கு வெளியே நிலைக்குத்தான மரச்சட்டங்களோ, துளையிட்ட சீமெந்துக் கற்களோ, சற்றுத் தள்ளி ஒரு வேப்பமரமோ போதும். வடக்கு, தெற்குப் பக்கங்களுக்கு நல்ல தாழ்வாரம் இருந்தால் போதும். கொழும்பில் நண்பகல் சூரியன் டிசெம்பரில் தெற்கே ஏறத்தாழ 30 பாகையும் ஜூனில் வடக்கே 16 பாகையும் சரிந்து நிற்பதால், இரு பக்கத்துக்கும் தாழ்வாரம் வேண்டும். மேற்கை அடைத்துவிடாதீர்கள், கடற்காற்று அந்தப் பக்கத்தால்தான் வருகிறது.

கேள்வி: மழைநீரைச் சேகரிக்கலாம் என்றால், டெங்கு பரவும் என்று அதிபர் மறுக்கிறார். யார் சொல்வது சரி?
– பெற்றோர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அதிபரின் அச்சம் நியாயமானது. 2017இல் நாடளாவிய ரீதியில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கினால் பாதிக்கப்பட்டதாகப் பதிவானதை எந்தப் பாடசாலையும் மறந்துவிட முடியாது. நுளம்பு பெருக இடமளித்தால், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வளவுக்குப் பொறுப்பானவரே பதில் சொல்ல வேண்டும். ஆயினும் நுளம்புக்கு இடமளிப்பது பெரும்பாலும் மூடிய தாங்கியன்று. இலைகள் அடைத்து, சாய்வு குறைந்து, ஓர் அங்குலத் தண்ணீர் தேங்கி நிற்கும் கூரைப்பீலிதான். ஏணி வைத்தாலொழிய அது எவர் கண்ணிலும் படாது. முட்டையிலிருந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்களே போதும் என்பதால், மாதம் ஒருமுறை துப்புரவு செய்வது போதாது.

ஆகவே கட்டடம் முழுவதற்கும் பீலி பொருத்தாதீர்கள். விறாந்தைப் பக்கம் தாழ்வாரத்தை அகலமாக நீட்டி, மழை நேரே நிலத்திலுள்ள சாய்வான வாய்க்காலில் விழ விடுங்கள். மறுபக்கத்தில் மட்டும், தண்ணீர் தேங்காத சரிவோடும் கை எட்டக்கூடிய வசதியோடும் ஒரு பீலி அமைத்துத் தாங்கிக்கு இணையுங்கள். கொழும்பில் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. 100 சதுர மீற்றர் கூரையில், வீணாகும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஆண்டுக்கு 1,90,000 லீற்றருக்கு மேல் கிடைக்கும். மலசலகூடத்துக்கும் செடிகளுக்கும் அதைப் பயன்படுத்தலாம். பழைய அஸ்பெஸ்டஸ் கூரையில் விழும் நீரைக் குடிப்பதற்குக் கொடுக்க வேண்டாம். தாங்கியின் எல்லாத் திறப்புகளுக்கும், வழிந்தோடும் குழாய் உட்பட, நுண்ணிய வலை வேண்டும். அந்த வழிகுழாயைத்தான் மேசன்மார் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

கேள்வி: கூரையில் சோலார் பொருத்தினால் போதாதா?
– பழைய மாணவி, தெஹிவளை

பதில்: நல்லதுதான், ஆனால் அது கடைசி வேலை. கொழும்பில் 1 கிலோவாட் சோலார் மாதத்துக்கு ஏறத்தாழ 110 முதல் 120 அலகு மின்சாரம் தரும். கூரையைத் திருத்தி, பழைய குழல்விளக்குகளுக்குப் பதிலாக எல்.ஈ.டி. பொருத்திய பின் பாடசாலைக்கு எத்தனை அலகு தேவை என்று மின்பட்டியலைப் பார்த்துக் கணக்கிட்டால், நீங்கள் வாங்க நினைத்ததில் பாதியே போதும் என்று தெரியவரலாம். பழைய அஸ்பெஸ்டஸ் கூரையில் துளையிட்டுப் பொருத்த எவரேனும் முன்வந்தால் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: சுவர்களைச் சுரண்டி மீண்டும் வண்ணம் பூசவுள்ளோம். கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?
– பாடசாலை அபிவிருத்திச் சங்கம், வத்தளை

பதில்: உண்டு. வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் கதவு, யன்னல், கரும்பலகைச் சட்டங்களில் பூசப்பட்ட எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். காய்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். நனைத்துத் தேய்த்து, கீழே பொலித்தீன் விரித்து, தூளைச் சேர்த்து எடுத்துவிடுங்கள். இந்த வேலைகளுக்கு டிசெம்பர் விடுமுறை உகந்தது. ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழை அதற்குள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். புதிய தவணை தொடங்குமுன் மேசை, கதிரை, தரை அனைத்தையும் ஈரத்துணியால் இருமுறை துடைத்துவிடுங்கள். தும்புத்தடியால் பெருக்கினால் தூள் மீண்டும் காற்றில் கிளம்பும்.