"மானியம் ஏதாவது இருக்குங்களா?": ஏற்றுமதி, சிறுதொழில் குறித்து வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: மானியம் கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் நம் பக்கம் பட்டறையும் பனியன் கம்பெனியும் நடத்துகிறவர்களுக்கு அரசிடமிருந்து வருவதில் பெரும்பகுதி மானியமே கிடையாது. ஏற்கெனவே கட்டிய வரி திரும்பி வரும், வராமல் போகும் பணத்துக்குக் காப்பீடு இருக்கும், வர வேண்டிய பாக்கிக்குச் சட்டம் இருக்கும். மூன்றுமே சரக்கு லாரி ஏறும் முன் நீங்கள் செய்து வைத்த வேலையைப் பொறுத்தவை. பதில்களும் அந்தத் தடத்திலேயேதான் போகின்றன.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி: தென்னை நார்த்தூள் கட்டி நெதர்லாந்துக்கு அனுப்பினோம். ஜிஎஸ்டி ரீபண்ட் வந்துவிட்டது. ரோடெப் (மற்ற வரிகளைத் திருப்பித் தரும் திட்டம்) மட்டும் வரவில்லை. கஸ்டம்ஸ் ஏஜென்ட்டைக் கேட்டால், "செக்லிஸ்ட்டுக்கு நீங்கதானுங்களே ஓகே சொன்னீங்க" என்கிறார்.

அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். வழக்கமாக நடப்பது இதுதான்: ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி விவரம்) போடும் முன் ஏஜென்ட் ஒரு செக்லிஸ்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கண்டெய்னர் கிளம்பும் அவசரத்தில், ராத்திரி ஒன்பது மணிக்கு. நாம் எடையையும் பையர் பெயரையும் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தட்டிவிடுவோம். ஒவ்வொரு சரக்கின் பெயருக்கும் கீழே ரோடெப் வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு இடம் இருக்கும். அங்கே 'வேண்டாம்' என்று போய்விட்டால், கணினி உங்களைக் கணக்கிலேயே எடுக்காது.

ரோடெப் என்பது 2021 ஜனவரி 1 முதல் இருக்கும் திட்டம். ஜிஎஸ்டி ரீபண்டிலும் டிராபேக்கிலும் (சுங்க வரியைத் திருப்பித் தரும் முறை) திரும்பி வராத வரிகளுக்காக வந்தது. லாரி டீசலுக்குக் கட்டிய வாட், மின்சாரத்தின் மேல் உள்ள வரி போன்றவை. பணமாக வராது. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் உங்கள் கணக்கில் வரவாகும். அதை ஸ்க்ரிப்பாக (மின்னணு வரவுச் சீட்டாக) மாற்றி இறக்குமதி வரி கட்டப் பயன்படுத்தலாம், இறக்குமதி செய்கிறவருக்கு விற்கவும் செய்யலாம். பனியன், வீட்டு ஜவுளி ஆட்களுக்கு இதற்குப் பதிலாக ரோஸ்கடெல் என்ற தனித் திட்டம்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதலில் உங்கள் எச்எஸ் கோடு (சரக்கின் வகை எண்) ரோடெப் பட்டியலில் இருக்கிறதா, அந்த மாதத்தில் விகிதம் என்ன என்று பாருங்கள். இருந்தால், சுங்கச் சட்டம் 149-வது பிரிவின் கீழ் ஷிப்பிங் பில்லைத் திருத்தக் கேட்டு, சரக்கு போன துறைமுகத்தின் சுங்க அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். ஏற்றுமதி நடந்த நாளிலேயே கையில் இருந்த ஆவணங்களைத்தான் ஆதாரமாகக் காட்ட முடியும். இதற்கு முந்தைய மெயிஸ் திட்டத்தில் இதே மாதிரி மாற்றி டிக் அடித்தவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் நிவாரணம் கொடுத்திருக்கிறது, அதனால் கதவு அடைபடவில்லை. ஆனால் வக்கீல் பீஸையும் வர வேண்டிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். தொகை சின்னதென்றால் விட்டுவிடுவதே நல்லது. அடுத்த செக்லிஸ்ட்டைக் காலையில் அனுப்பச் சொல்லுங்கள்.

பெருமாநல்லூர்: அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, அந்த நஷ்டத்தை அரசே ஏற்றுமதியாளர் கையில் பணமாகக் கொடுத்திருக்கலாமே? பங்களாதேஷ்காரன் கொடுக்கும் விலைக்கு நாம் எப்படிக் கொடுப்பது?

கோபம் நியாயம். 2025 ஆகஸ்ட் 27-ல் அந்த வரி அமலுக்கு வந்தபோது திருப்பூரில் ஆர்டர்கள் பாதித் தையலில் நின்றன. ஆனால் ஏற்றுமதி செய்தாய், இந்தா பணம் என்று நேரடியாகக் கொடுக்க உலக வர்த்தக அமைப்பின் விதி விடாது. ஏழை நாடுகளுக்கு அதில் விலக்கு உண்டு. தனிநபர் வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 1,000 டாலரைத் தாண்டினால், அதுவும் 1990-ம் ஆண்டு விலைக் கணக்கில், விலக்கு போய்விடும். இந்தியா தாண்டிவிட்டது. அமெரிக்கா 2018-ல் புகார் கொடுத்து, 2019 அக்டோபரில் தீர்ப்பாயம் நமக்கு எதிராகச் சொன்னது. மெயிஸ் போய் ரோடெப் வந்த கதையின் பின்னணியும் இதுதான்: பரிசாகக் கொடுப்பதுதான் தடை, வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுப்பதற்குத் தடை இல்லை. மீறிக் கொடுத்திருந்தால், அந்த மானியத்துக்கு ஈடாக அவர்கள் இன்னொரு வரியை மேலே ஏற்றியிருப்பார்கள். நம் வரிப்பணம் அவர்கள் கஜானாவுக்குப் போயிருக்கும்.

பங்களாதேஷ் குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலில் இருந்ததால் ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் நுழைந்து வந்தது, நமக்கோ ஒன்பது முதல் பன்னிரண்டு சதவீதம் வரை. அந்த இடைவெளியை மானியத்தால் நிரப்ப முடியாது. வரியைக் குறைக்கும் வர்த்தக ஒப்பந்தத்தால்தான் முடியும். அமீரகத்தோடு 2022 மே மாதம் ஒப்பந்தம் அமலானது. அங்கே அனுப்புகிறவர்கள் பிறப்பிடச் சான்றிதழ் எடுக்காமல் விட்டால் அந்தச் சலுகை பையருக்குக் கிடைக்காது. அதை இன்னும் சிலர் எடுப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இங்கே அரசு செய்தது பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை 2025 ஆகஸ்ட் 19 முதல் நிறுத்தி வைத்தது. முதலில் செப்டம்பர் வரை என்றார்கள், அப்புறம் டிசம்பர் 31 வரை என்றார்கள். நல்ல முடிவு, அரைகுறைக் காலம். பஞ்சு கப்பலில் வந்து, நூலாகி, துணியாவதற்குள் பாதிக் கெடு ஓடிவிடும். இரண்டு வருடம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் மில்கள் துணிந்து ஒப்பந்தம் போட்டிருக்கும்.

கணபதி, கோவை: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் கம்பெனி ஒன்றுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிறேன். 120 நாள், 150 நாள் ஆகிறது பணம் வர. கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம் கெட்டியாகவே இருக்கிறது. 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. 'நாங்கள் 120 நாள் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே போட்டிருக்கிறோமே' என்பார்கள். போட்டிருந்தாலும் 45-தான். புகாரை மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் போடலாம். அது இந்த மாதிரிப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் குழுவுக்குப் போகும், கோவையிலேயே ஒரு குழு இருக்கிறது. தீர்ப்பு வந்தபின் கம்பெனி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

எல்லாம் சரி, நீங்கள் புகார் போடமாட்டீர்கள் என்று எனக்கும் தெரியும். அந்தக் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜருக்கும் தெரியும்! அதனால்தான் பட்டறைக்காரர்களுக்கு உண்மையில் அதிகம் உதவியது வருமான வரிச் சட்டத்தில் வந்த மாற்றம் என்பேன். 2023-24 கணக்கு ஆண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, பணம் தரும் ஆண்டில்தான் அந்தச் செலவைக் கழித்துக்கொள்ள முடியும். ஆடிட்டர்கள் 43பி(எச்) என்று சொல்வது இதைத்தான். சண்டை போடத் தேவையில்லை, மார்ச் மாதம் வந்தால் அவர்களுடைய ஆடிட்டரே உங்கள் பில்லைத் தேடுவார். உங்கள் பில்லில் உத்யம் (சிறுதொழில் பதிவு) எண்ணும் 'உற்பத்தி, குறு நிறுவனம்' என்ற வாசகமும் அச்சாகியிருந்தால் போதும். உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ஆயிற்று. பில் போடும் தேதிக்கு முன்பே பதிவு இருக்க வேண்டும், பின்னால் போட்டால் வீண் வழக்கு. வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது.

சில கம்பெனிகள் "உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வாங்க, ஆர்டர் தருகிறோம்" என்று கேட்பதாக இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். பேங்க் கடன் சலுகையும் சேர்ந்து போய்விடும்.

இன்னொரு வழி ட்ரெட்ஸ் என்ற மின்னணு பில் தளம். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் சேர்ந்தாக வேண்டும். உங்கள் பில்லை அவர்கள் ஒப்புக்கொண்டதும் வங்கிகள் ஏலம் கேட்டு, வட்டியைக் கழித்துக்கொண்டு சில நாளில் பணம் போட்டுவிடும். பிறகு கம்பெனி பணம் தராமல் போனாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது. இதைக் கேட்பதில் சண்டை இல்லை, மரியாதையாகக் கேட்கலாம்.

அனுப்பர்பாளையம்: தைவான் நிட்டிங் மெஷின் வாங்கப் போகிறேன். இபிசிஜி (ஏற்றுமதிக்காக மெஷின் இறக்குமதி செய்யும் திட்டம்) போட்டால் வரியே இல்லை என்கிறார்கள். ஜாப் ஒர்க் மட்டும்தான் செய்கிறேன். போடலாமா?

நான் என்றால் யோசிப்பேன். வரி இல்லை என்பது பாதி வாக்கியம். மீதிப் பாதி: மிச்சமான வரியைப் போல ஆறு மடங்குக்கு, ஆறு வருடத்தில் ஏற்றுமதி காட்ட வேண்டும். ஐந்து லட்சம் மிச்சமென்றால் முப்பது லட்சம். முதல் நான்கு வருடத்தில் பாதியை முடித்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஏற்றுமதி செய்கிறவர் என்றால் முந்தைய மூன்று வருட சராசரியையும் விடாமல் காக்க வேண்டும். முடிக்காவிட்டால் விட்ட வரி வட்டியோடு திரும்பி வரும்.

ஜாப் ஒர்க் செய்கிறவர் நேரடியாக ஏற்றுமதி செய்யமாட்டார், உங்களிடம் ஓட்டிய துணியைத் தைத்து அனுப்புகிற கம்பெனி மூலமாகத்தான் கணக்குக் காட்டலாம். அதற்கு அவர்கள் போடும் ஒவ்வொரு ஷிப்பிங் பில்லிலும் உங்கள் பெயரும் உங்கள் இபிசிஜி லைசென்ஸ் எண்ணும் ஏற வேண்டும். சரக்கு போனபின் கேட்டால் நடக்காது. இன்றைக்கு உங்களுக்கு வேலை தரும் இரண்டு மூன்று ஏற்றுமதியாளர்களிடம் போய், இதற்கு எழுத்தில் சம்மதம் வாங்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் போடுங்கள். 'பார்த்துக்கலாம் தம்பி' என்று பதில் வந்தால், வரியைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். மெஷினுக்குக் கட்டும் ஐஜிஎஸ்டியை இன்புட் வரவாக எடுக்க முடிகிறதா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டால், உண்மையில் மிச்சம் எவ்வளவு என்பது தெளிவாகும். இபிசிஜி கணக்கை முடிக்காத நிலுவை அவ்வளவு சேர்ந்ததால்தான் 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த பொது மன்னிப்புத் திட்டத்தில் இதையும் சேர்த்தது.

சோமனூர்: பழைய தறியைக் கழித்துவிட்டு ரேப்பியர் தறி போட டஃப் (ஜவுளி இயந்திர மேம்பாட்டு) மானியம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். நம்பலாமா?

வேண்டாம். திருத்தப்பட்ட டஃப் திட்டம் 2022 மார்ச்சோடு முடிந்துவிட்டது. முன்பணம் கேட்டாரென்றால் நேரே வாசலைக் காட்டுங்கள்.

கரூர்: ஐரோப்பாவில் புதுப் பையர், 90 நாள் டிஏ (ஆவணத்தை இப்போது வாங்கிக்கொண்டு பணத்தைப் பிறகு தரும் முறை) கேட்கிறார். பேங்கில் மாதா மாதம் இசிஜிசி (ஏற்றுமதிக் கடன் காப்பீடு) பிரீமியம் பிடிக்கிறார்கள், அதனால் பணம் வராவிட்டாலும் காப்பீடு இருக்கிறதல்லவா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, நிறையப் பேர் கேட்காமலே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பேங்க் பிடிப்பது பேக்கிங் கிரெடிட்டுக்கு (சரக்கு தயாரிக்க உங்களுக்குத் தந்த கடனுக்கு) பேங்க் எடுத்த காப்பீடு. நீங்கள் கடனைக் கட்டாமல் போனால் இசிஜிசி பேங்குக்குக் கொடுக்கும். அதன்பிறகும் உங்கள் மேலுள்ள கடன் அப்படியே இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது உங்கள் பெயரில் ஒரு பாலிசி. இசிஜிசி 1957 முதல் இருக்கும் மத்திய அரசு நிறுவனம். பாலிசி எடுத்தபின் இந்தப் பையருக்கென்று கடன் வரம்பு கேட்டு விண்ணப்பியுங்கள், அவருடைய நிலைமையை அவர்களே விசாரிப்பார்கள். வரம்பு குறைவாக வந்தாலோ மறுத்தாலோ அதுவே உங்களுக்கு ஒரு செய்தி. பையர் திவாலானால், இழுத்தடித்துத் தராமல் விட்டால், அவர் நாட்டில் போர், அந்நியச் செலாவணித் தடை என்று ஏதாவது வந்தால் நஷ்டத்தின் பெரும்பகுதி கிடைக்கும். முழுத் தொகை கிடைக்காது. 'ஷேடு மாறிவிட்டது, தையல் சரியில்லை' என்று பையர் தகராறு கிளப்பினால், அது தீரும் வரை இசிஜிசி நகராது. அதனால் மூன்றாம் தரப்பு ஆய்வு அறிக்கை ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

கிளெய்ம் தள்ளுபடியாகும் கதைகளில் பெரும்பாலும் காரணம் பையர் அல்ல, நாம்தான். அனுப்பிய சரக்கை மாதக் கணக்கில் காட்டாமல் விடுவது, தவணை தாண்டியதைத் தெரிவிக்காமல் பையரோடு பேசியே நாளைக் கடத்துவது, இரண்டும்தான். அவசரத்தில் அவருக்கு இன்னொரு 60 நாள் கெடு கொடுப்பதற்கு முன்பும் இசிஜிசியைக் கேட்க வேண்டும்.

கோபிசெட்டிபாளையம்: மஞ்சள் தூள் யூனிட் போட நீட்ஸா, பிஎம்இஜிபியா? ஏஜென்ட் ஒருவர் 5 சதவீதம் கமிஷன் கேட்கிறார்.

மத்திய அரசின் பிஎம்இஜிபியில் உற்பத்தித் திட்டம் 50 லட்சம் வரை, கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதம், பெண்கள், பட்டியல் சாதியினர் போன்றோருக்கு 35 சதவீதம் மானியம். தமிழக அரசின் நீட்ஸில் 25 சதவீதம், 75 லட்சத்துக்கு மிகாமல், கூடவே 3 சதவீத வட்டிச் சலுகை. திட்டம் 50 லட்சத்துக்குள், கிராமத்தில், பெண் பெயரில் என்றால் பிஎம்இஜிபி. இதில் மானியம் உங்கள் கையில் வராது, மூன்று வருடம் பேங்கில் டெபாசிட்டாக இருந்து பிறகு கடனில் கழியும். ஆகவே யூனிட் மானியம் இல்லாமலே ஓடுகிற கணக்கு வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில் இலவசம், சந்தேகத்துக்கு மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. கமிஷன் எதற்கு?

நாமக்கல்: ஐஇசி (ஏற்றுமதி, இறக்குமதிக்கான எண்) புதுப்பிக்க 4,500 ரூபாய் கட்டச் சொல்லி மெயில் வந்திருக்கிறது, அரசு முத்திரையோடு.

போலி. ஐஇசி எடுக்கவே கட்டணம் 500 ரூபாய்தான். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) தளத்தில் நீங்களே உள்ளே போய், விவரம் மாறாவிட்டாலும் உறுதிசெய்ய வேண்டும், அந்த மூன்று மாதத்தில் கட்டணமே இல்லை. செய்யாமல் விட்டால் எண் முடங்கும், முட்டை கண்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். மெயிலில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள், தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.